ஒரே வீட்டில் இரண்டு தோற்காதவர்கள்

பாப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. காலையில் ஈய அங்கியை மாட்டினால், "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, ம்ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். அங்கே எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. தலை நரைத்த பிறகும் பாப்பா என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணன். இன்னொருவர், அண்ணனைப் பார்த்துப் பழகிக்கொண்ட கணவர். அந்த இரண்டு பேரும் அவள் உயிரை வாங்குவதற்கென்றே ஒரே காலத்தில் பிறந்து, ஒரே ஊரில் வளர்ந்து, ஒரே சங்கத்தில் கையுறை மாட்டியவர்கள்.

இரண்டு பேருமே குத்துச்சண்டை சாம்பியன்கள். இரண்டு பேருமே ஒரு சண்டையில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றவர்கள். அண்ணனுக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் இடி. கணவருக்கு வைத்த பெயர் சுவர். இடி அடித்துக்கொண்டே முன்னால் போகும். எதிராளியிடம் இரண்டு வாங்கினாலும் மூன்று கொடுக்கும். சுவர் அப்படியில்லை. முழங்கையைச் சேர்த்து, தோளைத் திருப்பி, தலையை நூலளவு சாய்த்து, வருகிற அடியையெல்லாம் காற்றுக்கு அனுப்பிவிட்டு, எதிராளிக்கு மூச்சு வாங்கும்போது ஒன்று வைக்கும். அண்ணன் ஆடியது முப்பத்தொரு சண்டை, எல்லாம் வெற்றி. கணவர் ஆடியது பத்தொன்பது. பதினெட்டு வெற்றி, ஒன்று டிரா.

இந்தக் கணக்கைப் பாப்பா விரும்பிக் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமான முப்பத்து நாலு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சாப்பாட்டு மேசையில் இதை அவள் காதில் ஓதி வந்திருக்கிறார்கள். அண்ணி இருந்த காலத்தில் அண்ணன் அண்ணியோடு வருவார். அண்ணி போன பிறகு தனியாக வந்தார். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் அவர் குடியிருப்பு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ளே, நேத்து உக்காந்து யோசிச்சேன். முப்பத்தொண்ணு எங்க, பத்தொன்பது எங்க?"

"மச்சான், அந்த முப்பத்தொண்ணுல பாதிப் பேரு நம்ம சங்கச் செயலாளர் ரோட்டுல போனவனைக் கூப்பிட்டுக் கையுறை மாட்டிவிட்டது. ஒருத்தன் தபால்காரன். அடி வாங்கிட்டு மறுநாள் எங்க வீட்டுக்கே தபால் கொண்டுவந்தான்."

"டிரா ஒண்ணு வச்சிருக்கியே, அதை எந்தக் கணக்குல சேர்ப்ப? ஜெயிக்காம வந்தா அதுக்குப் பேரு என்ன?"

"தோக்காம வந்தேன்ல? ஓய்வு பெறும்போது தோல்வி எத்தனைன்னு தானே கேப்பாங்க?"

"கைய உடைச்சுக்கிட்டு ஓடிட்டு அதுக்குப் பேரு ஓய்வாம்!"

"முதுகுவலின்னு நீங்க நின்னீங்களே, அது என்னவாம்?"

பாப்பா தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவள் மனசு தெரியும். ஆனால் அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. சில நாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் மூச்சை இழுத்துப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று கத்துவாள். அதற்குச் சிரிப்பார்கள். சிரித்து முடித்து மறுபடி ஆரம்பிப்பார்கள்.

அவளுக்கு எரிகிற இடம் வேறு. இந்தச் சண்டை தீராமல் போனதற்குக் காரணம் அவள்தான் என்று இரண்டு பேருமே முடிவு கட்டி வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். கணவர் முதலில் அண்ணனுக்கு ஒரு எடை கீழே ஆடிக்கொண்டிருந்தார். அப்போது மலை என்று ஒருவன் இருந்தான். பெயருக்கேற்ற ஆள்தான். அவனோடு ஆட ஒருவரும் முன்வரவில்லை என்று, உடம்பை ஏற்றிக்கொண்டு இவர் மேடையேறினார். மூன்றாவது ரவுண்டில் இவருடைய வலது கை உடைந்தது. மிச்ச ரவுண்டு முழுக்க வலது கையை, உடைந்தது அவனுக்குத் தெரியாமல், முன்னால் நீட்டி மிரட்டிக்கொண்டே, இடது கையால் மட்டும் ஆடி, புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாப்பா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்தது அந்தக் கையின் எலும்பைத்தான். சுண்டுவிரலுக்குக் கீழே குச்சியை ஒடித்த மாதிரி இருந்தது.

"இதை வச்சுக்கிட்டா ராத்திரி முழுக்கத் தூங்கினீங்க?" என்றாள்.

"தூங்கல. சந்தோஷமா இருந்துச்சு" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. பின்னாளில் அதே பதிலை ஆயிரம் தடவை கேட்க வேண்டிவரும் என்று அப்போது தெரியாது.

கை கூடியதும், இடியும் சுவரும் மோத வேண்டும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சங்கம் நாளும் குறித்தது. அதே நேரத்தில் இவர்கள் கல்யாணமும் நிச்சயமானது. "பொண்ணு கொடுக்கிற வீட்டுல போய் மூக்கை உடைப்பீங்களா? கல்யாணமா, சண்டையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் அப்பா. கல்யாணம் நடந்தது. சண்டை நின்றது. கை முன்போல் வளைந்துகொடுக்கவில்லை என்று கணவரும், முதுகு ஒத்துழைக்கவில்லை என்று அண்ணனும் அடுத்தடுத்து கையுறையைக் கழற்றினார்கள். கணவர் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்தார். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனார்.

"உன் கல்யாணம் மட்டும் குறுக்க வரலேன்னா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், பாப்பா" என்பார் அண்ணன்.

"ஆமா பாப்பா, மச்சான் தப்பிச்சது உன்னாலதான்" என்பார் கணவர்.

அவள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, வேலைக்கும் போய், மாமியாரைக் கடைசிவரை பார்த்து அனுப்பி வைத்தவள். இவர்கள் இரண்டு பேர் கணக்கிலும் அவள் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம், நாட்டின் மிகப் பெரிய குத்துச்சண்டையைக் கெடுத்தது.

மலையோடு நடந்த அந்தச் சண்டையை அண்ணன் ஒருநாளும் மதித்ததில்லை. "நான் மூணு வருஷமா கூப்பிட்டேன், வரல. கல்லீரல் கெட்டுப்போனப்பறம் உன்கிட்ட வந்தான். ஒரு கையால ஜெயிச்சேங்கிற, அவனுக்கு ரெண்டு காலும் நின்னுச்சான்னு கேளு" என்பார். கணவருக்கு அதில்தான் நெஞ்சு வேகும். எதை விட்டுக்கொடுத்தாலும் அந்தச் சண்டையை மட்டும் விடமாட்டார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மலையோட ஆடினப்ப மூணாவது ரவுண்டுல எனக்குக் கை போச்சு பாரு, அப்பவும் நான் பின்வாங்கலயே!"

பாப்பா கரண்டியோடு அப்படியே நின்றாள். இது புதுத் தந்திரம் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் அந்தச் சண்டையைச் சிறிசு என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இப்போது தன்னுடையது என்றே சொல்லி மாப்பிள்ளையை வெறுப்பேற்றப் பார்க்கிறார். கணவர் குதிப்பார், மேசை அதிரும் என்று குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். கணவர் குதிக்கவில்லை. அண்ணனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மச்சான்" என்றார்.

அதற்கு முன்னாலேயே சின்னச் சின்னதாக நடந்திருந்தது. அண்ணன் ஒருநாள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். கேட்டதற்கு நடத்துநர் மேல் பழி. வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி. வேறு ஊரிலிருந்த அண்ணன் மகளிடம் போனில் சொன்னபோது, "அப்பா எப்பவும் அப்படித்தானே அத்தை, தப்பு அவர்மேல வராது" என்றாள். பாப்பாவும் அதை நம்பினாள். பிடிவாதம் முற்றிவிட்டது என்றுதான் திட்டித் தீர்த்தாள்.

சங்கத்துக்கு ஐம்பது வருஷம் நிறைந்ததை ஒரு ஞாயிறு காலையில் கொண்டாடினார்கள். தோற்காமல் ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கும் மேடையில் மரியாதை என்று இப்போதைய செயலாளர் வீட்டுக்கே வந்து அழைத்தார். நடுத்தர வயது, பாவப்பட்ட மனிதர். யார் வலதுபக்கம் உட்காருவது என்பதில் ஆரம்பித்து, யார் பெயரை முதலில் வாசிப்பது என்பது வரை இரண்டு பேரும் அவரை நார் நாராகக் கிழித்துவிட்டார்கள். "வயசுப்படி வாசிச்சிடறேன் ஐயா" என்றார். "வெற்றிப்படின்னு சொல்லி வாசிங்க" என்றார் அண்ணன். கடைசியில், "ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல வாசிங்க, அதனால ஒண்ணும் செத்துப் போகமாட்டீங்க" என்று பாப்பாதான் முடித்து வைத்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. பாப்பா முன்வரிசையில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் மறக்க முடியாத சண்டை எது என்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அண்ணன் முதலில் எழுந்தார். அறுபத்தாறு வயதிலும் தோள் விரிந்துதான் இருந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மலையோடு நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார்.

எப்படிச் சொன்னார்! மூன்றாவது ரவுண்டில் எலும்பு ஒடிந்த சத்தம் தனக்குள்ளேயே கேட்டது என்றார். மூலைக்கு வந்து உட்கார்ந்தபோது பயிற்சியாளரிடம்கூடச் சொல்லாமல் மறைத்தேன் என்றார். ஒடிந்த கையை முன்னால் நீட்டி நீட்டி அவனை ஏமாற்றியதை மேடையிலேயே ஆடிக் காட்டினார். "அது மாதிரி ஒரு சண்டையை இந்த ஊர் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்காது" என்றார். கண் கலங்கியது. பொய் சொல்கிறவனுக்கு அப்படிக் கண் கலங்காது. அது பாப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் வம்புக்குச் சொல்லவில்லை. நம்பிச் சொல்கிறார்.

கூடத்தில் இருந்த பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர், "அது சுவர் ஆடின சண்டையாச்சே?" என்று சத்தமாகவே கேட்டார். அண்ணன் பேச்சை நிறுத்தி, யார் கேட்டது என்று தேடினார். முகத்தில் ஒரு குழப்பம்.

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனார். "இல்லைங்க. மச்சான் சொல்றது சரிதான். நான் அன்னைக்குக் கூட்டத்துல உக்காந்து பார்த்தேன். அப்படித்தான் நடந்துச்சு" என்றார். பிறகு கையைத் தட்டினார். செயலாளர் தட்டினார். கூடம் தட்டியது. அண்ணன் ஒரு கையைத் தூக்கி அதை வாங்கிக்கொண்டார்.

கணவர் முறை வந்தபோது அவர் டிரா ஆன சண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனை அவர் வீட்டில் விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்குள் கால் வைத்ததுதான் தாமதம், பாப்பா வெடித்தாள்.

"கூட்டத்துல உக்காந்து பார்த்தாராம்! வெட்கமா இல்ல உங்களுக்கு? அந்த எலும்பை நான் பார்த்தவ. இந்தக் கண்ணால பார்த்தவ. இத்தனை வருஷம் அந்த ஒரு சண்டைக்காக என் காதைத் தின்னீங்களே, இப்ப நூறு பேர் முன்னாடி தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க!"

"கத்தாத பாப்பா."

"கத்துவேன். எங்க அண்ணன்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உங்களுது உங்களுதுதானே? வாயைத் திறந்து சொன்னா என்ன?"

கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாவகாசமாக உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ சரியாக் கேக்கல" என்றார். "அது மாதிரி ஒரு சண்டையை இந்த ஊர் பார்த்ததில்லைன்னு சொன்னாரு. அவர் வாயால சொன்னாரு. மைக்குல சொன்னாரு. கல்லீரல் பேச்சு வந்துச்சா? வரல. முப்பத்து நாலு வருஷமா அதைத்தானே பாப்பா நான் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

அண்ணனுக்கு மூளை கலங்குகிறது, இந்த மனுஷன் ஜெயித்துவிட்டதாக உட்கார்ந்திருக்கிறார். "மண்டையில அடி வாங்கினது எங்க அண்ணன் மட்டும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போய்த்தான் அழுதாள். அதிலும் பாதி எரிச்சல்.

மறுவாரம் அண்ணனைத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, இளம் பெண்ணாக இருந்தாலும் நிதானமாகச் சொன்னாள். தலையில் வாங்கிய அடிகள் உடனே காட்டுவதில்லை, வயதான பிறகு இப்படி வெளிவரலாம் என்றாள். மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்றாள்.

"அவர் தோத்ததே இல்லை டாக்டர்" என்றாள் பாப்பா. சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு என்று தெரிந்தது. இத்தனை வருஷம் அந்த மேசையில் கேட்டது அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சாலும் அடி விழுந்திருக்கும் இல்லையா, அக்கா?" என்றாள் டாக்டர்.

இரண்டு வாங்கி மூன்று கொடுக்கிற இடி. முப்பத்தொரு சண்டை, தவிரப் பயிற்சியில் வாங்கியது தனி. பாப்பா அன்றைக்கே கணவரையும் இழுத்துப்போனாள். "எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று அவர் முரண்டு பிடித்தார். மோட்டார் கடையில் வாடிக்கையாளர் நிற்கிறார் என்றார். வண்டி முன்சக்கரத்தில் காற்று இல்லை என்றார். தோளில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். படம் சுத்தமாக இருந்தது. அந்த வயதுக்கு நல்ல மூளை என்று டாக்டர் சொன்னாள்.

வீடு வரும்வரை பாப்பா காத்திருந்தாள். சொல்லட்டும், "பார்த்தியா, அடி வாங்காம ஆடறதுதான் ஆட்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த இடத்திலேயே கிழித்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பத்தொன்பதா முப்பத்தொன்றா, டிராவா வெற்றியா, யார் ஓடினார், யார் நின்றார் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்ட மனுஷன், இதை மட்டும் எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது.

அண்ணனைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் மகள் வந்து ஒரு வாரம் இருந்து, அழுது, துணிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். பாப்பாவின் மகன் கல்யாணமாகிப் போனதில் அவன் அறை காலியாகத்தான் கிடந்தது. பகலில் கணவர் அவரைக் கடைக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுருள் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வருகிறவர்களிடமெல்லாம் மலையோடு ஆடிய கதையைச் சொல்வார். கணவர் காயில் கட்டிக்கொண்டே, "அப்புறம் என்ன மச்சான் செஞ்சீங்க?" என்று எடுத்துக் கொடுப்பார். விட்டுப்போனதைச் சேர்த்துவிடுவதும் அவர்தான்.

இப்படியே அமைதியாகப் போயிருந்தால் பாப்பாவுக்கு அதுவும் பிடித்திருக்காது. சாப்பாட்டு மேசை ஓசையில்லாமல் கிடந்ததில் அவளுக்கே சோறு இறங்கவில்லை. "ஏதாவது பேசுங்களேன்" என்று ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். கேட்ட மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன மாதம் தொலைக்காட்சிச் செய்தியில் எங்கேயோ ஒரு நாட்டுக் குத்துச்சண்டைச் சாம்பியனைக் காட்டினார்கள். முப்பது வயதுகூட ஆகாத பையன். ஒரு சண்டையும் தோற்காதவன், இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டானாம். பாப்பா மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடிட்டான்" என்றார் அண்ணன். பல நாளைக்குப் பிறகு குரலில் பழைய கனம் இருந்தது. "அடுத்தவன் எவனோ வலுவா வர்றான். அதைப் பார்த்துட்டு ஓடிட்டான்."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்ல மச்சான். புத்திசாலிப் பையன். உச்சியில நிக்கும்போதே இறங்கறவன்தான் சாம்பியன்."

"இறங்கறதுக்கு எதுக்குடா ஏறணும்?"

"ஏறினவன் எல்லாரும் விழுந்துதான் இறங்கணுமா?"

"அவன் யாரை ஜெயிச்சான்? பேர் சொல்லு. ஒருத்தன் பேர் சொல்லு!"

சத்தம் ஏறியது. அண்ணன் நாற்காலிக் கையைத் தட்டினார். கணவர் எழுந்து நின்று கையை வீசினார். பாப்பா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளாகவும் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ வாயில் வந்துவிட்டது.

"அவன் செஞ்சதுதான் சரி. தலை தலையா இருக்கும்போதே வீட்டுக்குப் போயிட்டான். அவனைப் பெத்தவ நிம்மதியாத் தூங்குவா."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"உனக்கு பாக்ஸிங்கைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

"அதானே? சும்மா இரு பாப்பா, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார் கணவர்.

பழியை அவள்மேல் போட்டதை விட்டால், முப்பத்து நாலு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். பாப்பா தலையில் அடித்துக்கொண்டு, இஸ்திரி போட மிச்சமிருந்த சீருடைக் கையை எடுத்துப் பலகையில் விரித்தாள்.